முதன்முறை வாய் திறக்கும்போது

நம் வீடுகளில் பல்லைப் பற்றிய பேச்சு எழுவது பல் வலிக்கின்ற இரவில்தான். கிராம்பைத் தேடி அஞ்சறைப்பெட்டியைத் துழாவுவதும், வெந்நீரில் உப்பிட்டுக் கொப்பளிப்பதும், தெருமுனைக் கடையில் பெயர் தெரியாத ஒரு மாத்திரையை வாங்கி விழுங்குவதும், விடியும்போது வலி சற்றுத் தணிந்திருந்தால் ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்று சொல்லி மருத்துவரை மறந்துவிடுவதும் தலைமுறை தலைமுறையாக நடந்து வருபவை. தஞ்சைத் தரணியில் இதற்குத் துணையாக வயற்காரியமும் வந்து நிற்கும். மேட்டூர் அணையில் நீர் இருக்கின்ற ஆண்டில் ஜூன் 12ஆம் நாள் மதகு திறக்கும், குறுவை நடவு வரும், அதன் பின்னாலேயே சம்பா நாற்று, தையில் அறுப்பு. ‘அறுப்பு முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்’ என்னும் சொல்லைக் கேளாத வீடு காவிரிக் கரையில் உண்டோ? சொத்தையோ அறுப்புக்குக் காத்திருப்பதில்லை. பல்லின் மேற்பூச்சில் ஊசிமுனையளவு துளையாகத் தொடங்கி, வலியே காட்டாமல் உள்ளே நகர்ந்து, நரம்பு இருக்கும் அறையை நெருங்கிய பின்னரே அது தன் வருகையை அறிவிக்கிறது. அந்த நாளில் மருத்துவரிடம் ஓடுகின்றவர், ‘பிடுங்கி எறியுங்கள், போதும்’ என்ற ஒரே வேண்டுகோளோடுதான் ஓடுகின்றார்.

மதரஸாவில் முப்பது ஆண்டுகளாகப் பாடம் நடத்திவரும் நம்மிடம் பல் பற்றிய கேள்விகள் வருவதுண்டு. நோன்பில் பல் பிடுங்கலாமா, பல்லை அடைத்தால் கடமையான குளிப்பு நிறைவேறுமா, தங்கப் பல் கட்டலாமா என்பவை அவை. இவற்றுக்கு விடை நூல்களில் உள்ளது, பின்னர் சொல்வோம். எவரும் வாய்விட்டுக் கேட்காத வேறொரு கேள்வி இருக்கின்றது. ‘அங்கே சென்றால் என்ன செய்வார்கள்?’ என்பதே அது. வயலில் நல்ல பாம்பை மிதித்தும் கலங்காத மனிதர், அந்தச் சாயும் நாற்காலியை நினைத்து ஆண்டுக்கணக்கில் ஒதுங்கிப் போகின்றார். பெண்களுக்கோ அச்சத்தோடு வெட்கமும் சேர்ந்துகொள்கிறது.

சென்ற ஆண்டு நம் சின்னம்மாவைத் தஞ்சாவூருக்கு அழைத்துச் சென்றோம். குடமுருட்டிக் கரையில் உள்ள ஊரில் எழுபதைக் கடந்து வாழும் அவர்கள், அதுவரை பல் மருத்துவர் ஒருவரையும் கண்டதில்லை. திருமணமாகி வந்த நாள்முதல் வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் இடக் கன்னத்தில் ஒதுக்கும் வழக்கம். கும்பகோணத்துக் கொழுந்து வெற்றிலைக்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, அது தமக்கே கிடைத்த பட்டயம் போன்று மகிழ்ந்தவர்கள்! அப்படிப்பட்டவர்கள் சில மாதங்களாகச் சோற்றைக் குழைத்துத் தயிரூற்றியே உண்ணத் தொடங்கினார்கள். கறியில் மிளகாய் குறைந்தது. பிறகு கறியே குறைந்தது. ‘காரம் சேரவில்லை, வயதாகிவிட்டது தம்பி’ என்றார்கள். வயதானால் வாய் எரிய வேண்டும் என்று எந்த மருத்துவ நூலும் சொல்லவில்லை. சின்னம்மாவின் மருமகள்தான் விடாமல் நின்று நாளைக் குறித்தாள்.

முதல் அரைமணி நேரம் வாயைத் திறக்கச் சொல்லவே இல்லை. ஓர் இளம்பெண் மருத்துவர் தாளும் எழுதுகோலுமாக அமர்ந்து கேள்விகள் கேட்டார். சர்க்கரை உண்டா, இரத்த அழுத்தம் உண்டா, நெஞ்சு நோய் வந்ததா, ஆஸ்துமா உண்டா, எந்த மருந்தாவது ஒவ்வாமல் தடித்துச் சிவந்ததா, காயம்பட்டால் இரத்தம் நிற்கத் தாமதமாகுமா என்று வரிசையாக வந்தன. பல்லைக் காட்ட வந்த இடத்தில் நெஞ்சைப் பற்றி ஏன் கேட்கின்றார்கள் என்று பலர் எரிச்சல் கொள்வதை நாம் கண்டதுண்டு. காரணம் இல்லாமல் எவரும் கேட்பதில்லை. இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவருக்குப் பல் பிடுங்கினால் இரத்தப்போக்கு நீளும். அதற்காக அந்த மாத்திரையைத் தாமே நிறுத்திக்கொள்வதோ அதைவிடப் பேராபத்து. செயற்கை வால்வு பொருத்திக்கொண்டவருக்குச் சில சிகிச்சைகளுக்கு முன் கிருமிக்கொல்லி மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். சர்க்கரை மிகுந்தால் ஈறு கெடும். ஈறு கெட்டால் சர்க்கரையை அடக்குவதும் கடினமாகும். கருவுற்ற பெண் அதை முதலிலேயே சொல்லிவிட்டால், எக்ஸ்ரே எடுப்பதையும் மருந்து தருவதையும் மருத்துவர் அதற்கேற்ப அமைத்துக்கொள்வார்.

நோயாளியின் நிலையை எழுதிவைத்துக்கொண்டு சிகிச்சை செய்வது தஞ்சைக்குப் புதியதன்று. 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் கண் சிகிச்சையில் ஈடுபாடு கொண்டிருந்தார். நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளும் அவர்களின் கண்களைத் தீட்டிய ஓவியங்களும் சரசுவதி மகால் நூலகத்தில் இன்றும் காக்கப்படுகின்றன. அன்று அரண்மனையில் நடந்தது இன்று எளியவர்க்கும் நடக்கின்றது என்றெண்ணி, கேட்பவற்றுக்குப் பொறுமையாக விடை தரலாம்.

சின்னம்மா தந்த விடையைக் கேளுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் ‘ஒன்றுமில்லையம்மா’ என்றே சொல்லி வந்தார்கள். மாத்திரை ஏதும் சாப்பிடுவதுண்டா என்றதற்கும் அதே விடை. மருத்துவர் மறுத்துப் பேசாமல், அவர்கள் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையைப் பார்த்து, “அதில் என்ன இருக்கிறது, பாட்டிம்மா?” என்று கேட்டார். மருமகள் பையை வாங்கி மேசைமீது கவிழ்த்தாள். பாக்குவெட்டி, சுண்ணாம்புச் சிமிழ், வாழைச் சருகில் மடித்த புகையிலை. அவற்றின் நடுவே சர்க்கரை மாத்திரை ஓர் அட்டை, இரத்தம் உறையாதிருக்க நெஞ்சு மருத்துவர் கொடுத்த மாத்திரை ஓர் அட்டை. சின்னம்மா பொய் சொல்லவில்லை. அன்றாடம் உண்பதை அவர்கள் மருந்தென்றே எண்ணியிருக்கவில்லை. ஆகவே முதன்முறை செல்பவர் தம் நோய்களை நினைவிலிருந்து ஒப்பிக்க முயலவேண்டாம். வீட்டில் உள்ள மாத்திரை அட்டைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுசென்று மேசையில் வைத்துவிட்டால் போதும்.

மருத்துவர் புகையிலையை எடுத்துப் பார்த்தார். ஏசவில்லை. எத்தனை ஆண்டு, நாளுக்கு எத்தனை முறை, எந்தப் பக்கம், இரவில் வாயில் வைத்தபடி உறங்குவதுண்டா என்று கேட்டு எழுதிக்கொண்டார். கடைசிக் கேள்விக்குச் சின்னம்மா நம் முகத்தைப் பார்த்தார்கள். “நீ என் பேத்தி மாதிரி இருக்கிறாய். சொல்ல வெட்கமாயிருக்கிறதம்மா” என்றார்கள். பின்னர் சொன்னார்கள். அந்த விடை வீட்டில் எங்களில் எவருக்கும் தெரியாதது.

அதன் பிறகே நாற்காலி. அது சாய்ந்ததும், தலைக்குமேல் விளக்கு எரிந்ததும், சின்னம்மா கண்ணை இறுக மூடிக் கலிமாவை ஓதத் தொடங்கிவிட்டார்கள். மருத்துவரின் கையில் இருந்தவை சிறு கண்ணாடி ஒன்று, நுனி வளைந்த மெல்லிய கம்பி ஒன்று, அளவுக் கோடிட்ட இன்னொரு கம்பி ஒன்று; அவ்வளவே. பல்லைத் தொடுமுன் வெளியிலிருந்து தொடங்கினார். தாடையின் கீழும் கழுத்தின் இருபுறமும் விரலால் அழுத்தி, கட்டி ஏதும் தட்டுப்படுகின்றதா என்று பார்த்தார். பின்னர், “உங்கள் விரல் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வாய்க்குள் நுழையுங்கள்” என்றார். நலமான வாயில் அவரவர் விரல் மூன்று நுழையும். பாக்கு மெல்வோர்க்குக் கன்னத்தின் உட்தசை நாளடைவில் விறைத்து நாராகி, வாய் திறப்பது குறுகிக்கொண்டே போவதுண்டு. சின்னம்மாவுக்கு இரண்டு விரல் நுழைந்தது. மூன்றாவது தயங்கி நின்றது. இதை வாசிக்கும் வீடுகளில் பாக்கு மெல்வோர் இருப்பின், அவர்களும் இப்பொழுதே வைத்துப் பார்க்கலாம், காசு செலவில்லை.

அடுத்து நாக்கை நீட்டச்செய்து, துணியால் பிடித்து இருபக்கமும் திருப்பிப் பார்த்தார். நாக்கின் அடிப்பகுதி, அண்ணம், கன்னங்களின் உட்புறம் எதையும் விடவில்லை. பல்லின் கணக்கு வந்தது இவற்றுக்கெல்லாம் பிறகுதான். “முப்பத்தாறு சொத்தை, நாற்பத்தாறு இல்லை” என்று அவர் சொல்ல, உதவியாளர் குறித்துக்கொண்டார். மனிதனுக்கு முப்பத்திரண்டு பல் என்றுதானே படித்தோம், நாற்பத்தாறாம் பல் எங்கிருந்து வந்தது என்று நமக்கு ஒரு கணம் திகைப்பு! கேட்டபோது சிரித்துக்கொண்டே விளக்கினார். வாயை நான்கு பகுதிகளாக்கி, வலப்புறம் மேலே ஒன்று, இடப்புறம் மேலே இரண்டு, இடப்புறம் கீழே மூன்று, வலப்புறம் கீழே நான்கு என்று எண்ணிடுகின்றார்கள். ஒவ்வொரு பகுதியிலும் நடுவிலிருந்து கடைவாய் வரை பல் எட்டு. ஆகவே முப்பத்தாறு என்பது மூன்றாம் பகுதியின் ஆறாம் பல். இரண்டு எண்களையும் தனித்தனியே படிக்க வேண்டும். பல நாடுகளின் பல் மருத்துவர்களும் இதே குறியீட்டைக் கையாள்வதால், தஞ்சையில் எழுதிய சீட்டைத் துபாயில் இருக்கும் மருத்துவரும் படித்துக்கொள்வார்.

அளவுக் கோடிட்ட கம்பி ஈறுக்கும் பல்லுக்கும் இடையே இறங்குவது. மூன்று மில்லிமீட்டர் வரை இறங்கினால் குறையில்லை. நான்கும் அதற்கு மேலும் இறங்கினால் ஈறு பல்லை விட்டு விலகிவருகிறது என்று பொருள். இலேசாகக் குத்தும், சற்றே இரத்தமும் கசியலாம். முதல் நாளின் வலியெல்லாம் இவ்வளவுதான். தேவையென்றால் சிறு எக்ஸ்ரே எடுப்பார்கள். அதன் கதிர் அளவு மிகச் சொற்பம். இரண்டு பற்கள் ஒட்டியிருக்கும் இடுக்கில் ஒளிந்த சொத்தையையும், எலும்பின் நிலையையும் கண்ணாடி காட்டாது, படம் காட்டும்.

முதல் நாளிலேயே பிடுங்கவில்லையே, வந்த வழிச்செலவு வீணாயிற்றே என்று குறைப்படுவோர் உளர். நாம் அரபுக் கலைகளின் வரலாற்றைப் பாடம் சொல்லும்போது தவறாமல் குறிப்பிடும் பெயர் ஒன்று உண்டு. கொர்தோவாவை அடுத்த அஸ்ஸஹ்ராவில் வாழ்ந்து, ஏறத்தாழ 1013இல் மறைந்த அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி அவர்கள், முப்பது பகுதிகள் கொண்ட ‘அத்தஸ்ரீஃப்’ என்னும் மருத்துவப் பெருநூலை யாத்தார்கள். அதன் இறுதிப் பகுதி அறுவை மருத்துவம் பற்றியது. கருவிகளின் வரைபடங்களும் அதில் உண்டு. பல்வலி வந்தவுடன் பிடுங்குவதற்கு விரையலாகாது, இயன்ற சிகிச்சை அனைத்தையும் முதலில் செய்து பார்க்க வேண்டும் என்பது அன்னாரின் கருத்து. நோயாளி சுட்டிக்காட்டும் பல்லே நோயுற்ற பல் என்று நம்பிவிடவும் கூடாது, வலி ஏமாற்றும், நல்ல பல்லைப் பிடுங்கிய பிறகும் வலி நின்றபடியே இருக்கும் என்றும், நாவிதர்களின் கையில் இது நேர்வதைத் தாம் கண்டதுண்டென்றும் எழுதிவைத்துள்ளார்கள். நம் ஊர்களில் ஒசா என வழங்கப்பெறும் நாவிதரிடம் சென்று பல்லைப் பறிகொடுத்த முன்னோரின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட இவ்வரிகள் நேற்று எழுதப்பெற்றவை போலத் தோன்றும்.

அதே நூலில் பற்காரையைச் சுரண்டி எடுப்பதற்கெனப் பல வடிவக் கருவிகளை வரைந்து காட்டி, ஒரே நாளில் முடியாவிட்டால் மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடருமாறும் அன்னார் கூறியிருக்கின்றார்கள். பற்காரை எடுத்தால் பல் ஆடிவிடும் என்று நம்மவர்கள் சொல்வதில் உண்மையில்லை. பற்களுக்கிடையே கல்லாக இறுகி அடைத்திருந்தது நீங்கியவுடன் இடைவெளி நாக்குக்குத் தட்டுப்படுகிறது. பல் ஆடுமாயின், அக்காரை பல்லாண்டுகள் இருந்து எலும்பை அரித்ததே அதற்குக் காரணம்.

சின்னம்மாவிடம் திரும்புவோம். இடக் கன்னத்தின் உள்ளே, புகையிலை ஒதுங்கும் அந்த இடத்தில், துடைத்தால் போகாத வெண்திட்டு ஒன்று இருந்தது. மருத்துவர் கைக்கண்ணாடியைக் கொடுத்து அவர்களுக்கே காட்டினார். அவ்வளவு காலமாகத் தம் வாயில் இருந்ததைச் சின்னம்மா அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்கள். “புற்றா?” என்று அவர்களே கேட்டார்கள். “பார்த்தவுடன் எவராலும் சொல்ல முடியாது. நெல்மணியளவு தசையை எடுத்து ஆய்வுக்கு அனுப்ப வேண்டும். இன்றைக்கில்லை. நீங்கள் உண்ணும் மாத்திரையைப் பற்றி உங்கள் நெஞ்சு மருத்துவரிடம் முதலில் பேசிக்கொள்கிறேன்” என்று விடை வந்தது. சுருக்குப்பை கவிழாதிருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமிருந்திராது.

புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1985இலேயே அறிவித்தது. புகையிலையே இல்லாத பாக்கும் அத்தகையதே என்று 2004இல் வெளியிட்டது. ‘நாம் வெறும் பாக்குத்தானே போடுகிறோம்’ என்று ஆறுதல் கொள்வதற்கு இடமில்லை. வாயில் எந்தப் புண்ணும் இரண்டு வாரத்துக்குமேல் ஆறாதிருந்தால், வலி இல்லை என்பதற்காக விட்டுவிடாமல் காட்டியாக வேண்டும். வலியில்லாமையே இந்நோயின் சூழ்ச்சி.

ஆய்வின் முடிவு வர இரண்டு வாரங்களாயின. புற்று இல்லை, ஆயினும் அணுக்களில் மாறுதல் தொடங்கியிருக்கிறது என்று எழுதியிருந்தது. சின்னம்மா புகையிலையை விட்டார்கள். விட்ட முதல் மாதம் வீட்டில் எவரும் அவர்களிடம் நெருங்க முடியவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். கன்னத்தில் ஏலக்காயை ஒதுக்கிக்கொண்டு, மூன்று மாதத்துக்கொரு முறை தஞ்சாவூருக்குச் சென்று வருகின்றார்கள். திட்டு சுருங்கியிருக்கிறது, மறையவில்லை.

இனி, நம்மிடம் கேட்கப்படும் மூன்று கேள்விகள். நோன்பில் பல்லைத் துளைப்பதும் பிடுங்குவதும் சுத்தம் செய்வதும், தொண்டைக்குள் எதையும் விழுங்காதவரை நோன்பை முறிப்பதில்லை என்று 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமி தீர்மானித்துள்ளது. விழுங்கிவிடுவோமோ என்று அஞ்சுபவர் நோன்பு திறந்தபின் செல்லலாம். மாலையில் திறந்திருக்கும் மருத்துவமனைகள் எத்தனையோ. குளிப்பைப் பொறுத்தவரை, ஹனபி மத்ஹபில் வாய் கொப்பளிப்பது கடமையாதலால் ஐயம் எழுகிறது. கடற்கரை ஊர்களின் ஷாபி மத்ஹபினருக்கு அது சுன்னத்தே. எடுக்க இயலாதபடி அடைத்த பல், பல்லின் நிலையையே பெற்றுவிடுவதால் குளிப்புக்குத் தடையில்லை. கழற்றக்கூடிய பல் செட்டைக் கழற்றிவிட்டுக் கொப்பளிக்க வேண்டும். தங்கத்தைப் பற்றி இமாம்களிடையே பேச்சு உண்டு. போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளியில் அமைத்த மூக்கு துர்நாற்றம் எடுத்தபோது, தங்கத்தில் அமைத்துக்கொள்ளுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்த செய்தி அபூதாவூதிலும் திர்மிதியிலும் உள்ளது. பல்லைக் கட்ட இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் வெள்ளியே போதும் என்றார்கள். அன்னாரின் மாணவர் இமாம் முஹம்மது (ரஹ்) அவர்கள் தங்கமும் ஆகும் என்றார்கள். பல்லின் நிறத்திலேயே பீங்கான் பல் கிடைக்கும் இந்நாளில் இவ்வாதம் பெரும்பாலும் ஏட்டளவில் நின்றுவிட்டது.

குழந்தைகளைப் பற்றி ஒரு சொல். முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை காட்டிவிட வேண்டும் என்று குழந்தைப் பல் மருத்துவர்கள் கூறுகின்றார்கள். ஆறு வயதில், பால்பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். அதுவும் பால்பல்தான், விழுந்து முளைக்கும் என்று தாய்மார் விட்டுவிடுகின்றார்கள். அது வாழ்நாள் முழுதும் இருக்க வேண்டிய பல். சின்னம்மாவின் வாயில் இல்லாதுபோன நாற்பத்தாறு அந்தப் பல்தான்.

எங்கே செல்வது என்பதற்கு நம் பகுதியில் இன்று குறைவில்லை. அரசு மருத்துவமனைகளில் பல் பிரிவு உண்டு. சிதம்பரத்தில் 1980இல் தொடங்கப்பெற்ற ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி இப்போது அரசுக் கல்லூரியாக நடைபெறுகிறது. புதுக்கோட்டையில் 2023இல் ஓர் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. இந்நாட்டில் பல் மருத்துவத்துக்கென முதல் கல்லூரியைக் கல்கத்தாவில் 1920இல் நிறுவியவர் கிழக்கு வங்கத்தில் பிறந்த டாக்டர் ரஃபியுத்தீன் அகமது என்பதை நம் பிள்ளைகளில் எத்தனைபேர் அறிவார்கள்? அமெரிக்காவின் அயோவாவில் பட்டம் பெற்றுத் திரும்பிய அவர், சோடாக் கடை ஒன்றை நடத்தி, அதன் வருவாயைக் கல்லூரிக்குச் செலவிட்டார். 1949இல் கல்லூரியை அரசிடம் ஒப்படைத்தார். முறையாகக் கற்றுப் பதிவு செய்துகொண்டவரே பல் மருத்துவம் பார்க்கலாம் என்னும் நாடு தழுவிய சட்டம் 1948இல் வந்தது. ஆதலால் சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழையும் பதிவு எண்ணையும் பார்ப்பதில் தவறில்லை. நல்ல மருத்துவர் அதற்காக வருந்தமாட்டார். பார்வை முடிந்ததும், எந்தப் பல்லுக்கு என்ன செய்ய வேண்டும், எது அவசரம், எது அறுப்புவரை தாங்கும், எவ்வளவு செலவாகும் என்பதை எழுதித் தருமாறு கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அன்றே ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை.

பெண்கள் பெண் மருத்துவரையே வேண்டினால் முன்னரே கேட்டு நாள் குறிப்பது நலம். சர்க்கரை நோயுள்ளவர் வெறும் வயிற்றோடு போகலாகாது. உண்டு, மாத்திரையும் போட்டுக்கொண்டே செல்ல வேண்டும். மரப்பு ஊசி போட்டுக்கொள்ள நேர்ந்தால் மரப்பு தெளியும்வரை சூடான தேநீர் அருந்தவேண்டாம். குழந்தையாயின், மரத்துப்போன உதட்டைக் கடித்துக்கொள்ளாதபடி அருகிலேயே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.